இரண்டாம் ஷையும் அம்மாவின் நேர்த்தியும்

பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையை முதல் தடவை எழுதியபோது மற்றப் பாடங்களிலெல்லாம் தப்பிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டேன். அந்த நாளில் ஆங்கிலம் போனால் எல்லாம் போன மாதிரித்தான். பரீட்சைக்குத் தோற்றும் ஒவ்வொரு தடவையையும் ஊரில் 'ஷை' என்பார்கள். முதலாம் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர், "பிள்ளைக்கு இது எத்தினையாம் ஷை?" என்று மழை பெய்ததா என்று கேட்பதுபோலக் கேட்பார். அவருடைய இலையில் இருக்கும் வடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விடலாமா என்று எனக்குத் தோன்றும்.

ஐயா மலாயாவில் புகையிரதக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். தெல்லிப்பழைக்குக் கிட்ட, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. சிங்களத்தை மட்டும் அரசாங்க மொழியாக்கிய பிறகு, கந்தோர் உத்தியோகம் இனி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பட்டம் ஒன்றுதான் வழி, பட்டத்துக்கு ஆங்கிலம்தான் வழி. அவருடைய பென்சன் அவரோடு போய்விடும், அதற்குள், பெண்பிள்ளையென்றாலும், நான் சொந்தக் காலில் நிற்கவேண்டும். இதை அவர் சோறு பிசையும்போதும் சொல்லுவார், முகம் வழிக்கும்போதும் சொல்லுவார். பிழையென்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணை இதே பரீட்சையை முதல் ஷையிலேயே பாஸ் பண்ணியவர். பட்டம் முடித்து, மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். ஐயாவுக்கு ஆங்கிலத்தில் எழுதுவார். ஐயா அதை ரசித்து வாசித்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு வரியில் தமிழில் சொல்லுவார். நீண்ட கடிதம் அப்படி ஒரு வரியாகச் சுருங்குவதை அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவார்.

இரண்டாம் ஷைக்கு விண்ணப்பித்த வாரம் ஐயா சட்டம் போட்டார்.

"இண்டையிலையிருந்து சோதினை முடியுமட்டும் இந்த வீட்டிலை ஒருத்தரும் பிள்ளையோடை தமிழ் கதைக்கக் கூடாது."

வீட்டில் இருந்ததே மூன்று பேர். ஐயாவுக்கு ஆங்கிலம் வரும், எனக்கு அரைகுறையாக வரும், அம்மாவுக்கு ஓர் எழுத்தும் வராது. ஆகவே சட்டம் ஒருவருக்குத்தான். அதை ஐயா யோசிக்கவில்லையா, யோசித்துத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடல் கடந்து வரும் தமிழ் வாரப் பத்திரிகைகளைக் கட்டிச் சந்திக் கடைக்குக் கொடுத்துவிட்டார். நான் வாசித்துக்கொண்டிருந்த தொடர்கதையின் கதாநாயகி கிணற்றுக்கட்டில் ஏறி நின்றபடியே போனாள். குதித்தாளா இறங்கினாளா என்று தெரியாமல் நான் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கங்களைச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய மேசையை ஐயா தன்னுடைய சாய்மனைக்கதிரைக்கு எதிரே போட்டிருந்தார். யன்னலுக்கு வெளியே கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் சிநேகிதிகள் சிரித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்கும், தலைகூடத் தெரியாது. எழும்பினால் ஐயா ஆங்கிலத்தில் எங்கே என்று கேட்பார். அதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பயத்திலேயே பல தடவை எழும்பாமல் இருந்துவிடுவேன்.

ஆனால் அம்மா சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த ஆட்டோடு கதைக்கத் தொடங்கினார். "தலைக்கு எண்ணெய் வையாமல் திரிஞ்சால் காய்ச்சல்தான் வரும்" என்று எனக்குக் கேட்கும்படி ஆட்டைப் பார்த்துச் சொல்லுவார். பக்கத்து வீட்டு மாமியின் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, தோட்டத்தில் மிளகாய்க்கு நோய் விழுந்தது எல்லாம் ஆட்டுக்குத்தான் முதலில் தெரியும். நான் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தபடி சிரிப்பை அடக்குவேன். மருமகள் கேட்க மாமியார் நாய்க்குச் சொல்லும் ஊர்தானே எங்கள் ஊர். ஐயாவுக்கும் அது விளங்கியது. ஆட்டோடு தமிழ் கதைக்கக் கூடாதென்று அவர் எப்படிச் சட்டம் போடுவது?

ஒருநாள் ஆட்டோடு கதைப்பதும் நின்றுபோயிற்று. ஐயா ஏதோ ஏசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஐயா கட்டிலருகே வந்து என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கை கால் உளைகிறது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஐயா சிறிது நேரம் என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "இஞ்சை பார், நீ பிள்ளையோடை கதை. சட்டமும் மண்ணாங்கட்டியும்" என்றார்.

அம்மா கொத்தமல்லித் தண்ணியோடு வந்தார். என்னை நிமிர்த்தி இருத்தி, ஆற்றி ஆற்றிப் பருக்கினார். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் வாய் திறக்கவில்லை. நான் "அம்மா, கதையுங்கோவன்" என்றேன். அவர் தலையை ஆட்டி, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

பக்கத்து வீட்டு மாமிதான் விளங்கப்படுத்தினார். போன செவ்வாய்க்கிழமை, ஊர் அம்மனான அம்மாளாச்சியின் கோயிலில் அம்மா நேர்த்தி வைத்துவிட்டாராம். என்னுடைய பரீட்சை மறுமொழி வரும்வரை என்னோடு ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று. வாய்விட்டு நேர்ந்தபோது மாமியும் பக்கத்தில் நின்றாராம். எங்கள் பக்கத்தில் காவடி எடுப்பார்கள், அங்கப்பிரதட்சிணம் செய்வார்கள், உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். பெற்ற பிள்ளையோடு பேசுவதில்லை என்று நேர்ந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஊரே அம்மாவைப் புகழ்ந்தது. "உன்ரை படிப்புக்காண்டித்தானே கொம்மா வாயைக் கட்டிக்கொண்டு நிக்கிறா, அதை நினைச்சுப் படி" என்று மாமி எனக்குப் புத்தியும் சொன்னார். ஐயா ஒரு பாட்டம் கத்திப் பார்த்தார். தான் போட்ட சட்டத்தை அவரால் எடுக்க முடிந்தது. அம்மாளாச்சிக்கு வைத்ததில் கைவைக்க அவருக்கும் பயம்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. எல்லாருடனும் தமிழ் கதைக்கலாம், ஐயாவுடன்கூட. அம்மாவுடன் மட்டும் இல்லை. கிணற்றடியில் அம்மா எனக்குத் தண்ணீர் அள்ளி வார்ப்பார், முதுகு தேய்ப்பார், தலை துவட்டுவார், எல்லாம் பேசாமலே. நான் வேண்டுமென்று சண்டைக்கு இழுத்தேன். சோற்றைத் தள்ளிவிட்டேன், கண்ணாடியைப் போட்டு உடைத்தேன். ஓர் ஏச்சு விழாதா என்று பார்த்தேன். அவர் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு வேறு வேலை பார்த்தார். எனக்கு அவர்மேல் அளவில்லாத கோபம். கடவுளோடு ஒப்பந்தம் செய்ய என்னைக் கேட்டாரா? என்னுடைய தலையில் இப்படி ஒரு பாரத்தை வைத்துவிட்டுப் படி என்றால் எப்படிப் படிப்பது?

அதைவிடப் பெரிய சிக்கல் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பெயிலானால் ஐயா மூன்றாம் ஷை என்பார், அம்மா இன்னொரு நேர்த்தி வைப்பார், இன்னொரு வருஷம் இதே ஊமைப் படம். பாஸ் பண்ணினால் அம்மா கதைப்பார், ஆனால் நான் பெட்டி கட்டிக்கொண்டு மலைநாட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா எனக்கு இல்லை. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்றால், சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான்.

பரீட்சையில் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். கடல் எங்களுக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மாலையில் கடற்கரைக்குப் போன குமர்ப்பிள்ளை எங்கள் ஊரில் யார்? இங்கிலீஷ் புத்தகத்தில் வாசித்த கடற்கரை ஒன்றை, குடையும் தொப்பியும் நாய்க்குட்டியுமாக எழுதிவைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் மாவிட்டபுரத்தில் பஸ் நின்றபோது, கூட வந்த ஐயா எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை.

பிறகு மறுமொழிக்காக இருந்த மாதங்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம். படிக்கவும் ஒன்றும் இல்லை, பேசவும் ஆள் இல்லை. மாரி மழையில் தோட்டமெல்லாம் வெள்ளம் நின்றது. நானும் அம்மாவும் ஒரே விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாஸ் என்று வந்தது. ஐயா வாசல் படலையடியிலேயே உறையைக் கிழித்துப் பார்த்து, சால்வையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் நல்ல புள்ளியாம். நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா என்னைப் பார்த்தார், அணைத்துக்கொண்டார், அப்போதும் பேசவில்லை. கோயிலில் பொங்கி முடியத்தான் கதை என்று கையால் காட்டினார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கினோம். ஊர்ப் பெண்களெல்லாம் அம்மாவைச் சுற்றி நின்று, இப்படி ஒரு தாய் கிடைக்கவேண்டுமே என்றார்கள். நான் அழுதேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. திரும்பி வரும்போது ஐயா பொங்கல் பானையோடு முன்னால் நடந்தார். வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை வளைவில் நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இனிக் கதைக்கலாந்தானே அம்மா?"

அம்மா முன்னால் போகும் ஐயாவை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"நான் நீ பாஸ் பண்ண வேணுமெண்டு நேரேல்லை, பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. மாமி கேட்டாவாமே என்றேன்.

"வாயைக் கட்டுறன் எண்டதைத்தான் அவ கேட்டவ. மற்றதை நான் மனசுக்குள்ளைதான் சொன்னனான். நீ பெயிலாக வேணுமெண்டு. கொண்ணையை, என்ரை மூத்த பிள்ளையை, உந்த இங்கிலீசு கொண்டுபோட்டுது. உன்னையாவது எனக்கு விடச் சொல்லித்தான் கேட்டனான். அம்மாளாச்சி கேக்கேல்லை."

"பிறகேன் பொங்கினனீங்கள்?"

"ஊர் பாத்துக்கொண்டு நிக்குது. பொங்காமல் விடேலுமோ?"

அந்தக் குரலைக் கேட்க நான் எத்தனை மாதம் ஏங்கியிருந்தேன். இப்போது கேட்டுக்கொண்டு நின்றேன். கோபப்படவேண்டும் என்று தெரிந்தது, கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பெயிலாகியிருக்கலாமே என்று மனதார நினைத்தேன். ஐயா முன்னால் நின்று, அங்கே என்ன கதை என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "பேராதனையிலை சரியான குளிராம். பிள்ளைக்குக் கம்பளி ஒண்டு வாங்க வேணும்."