கலசத்துக்குக் கீழே நின்ற டவர்

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. ஊருக்கு செல்போன் டவர் வந்த சமயம் கோயில் கமிட்டியில் நானும் ஒருத்தன். மேட்டில் இருக்கிற அம்மன் கோயில் கலசத்துக்கு மேலே ஊருக்குள் எதுவும் எழும்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாடி கட்டுகிறவர்கள்கூடக் கலசத்தைப் பார்த்துத்தான் உயரம் வைப்பார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் ரொம்பப் பேசியது நான்தான். சாமி குத்தம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். கடைசியில் கண்மாய்ப் பள்ளத்தில், கலசத்துக்குக் கீழேயே நிற்கிற மாதிரி ஊன்றச் சம்மதித்தோம்.

வேலைக்கு வந்த இன்ஜினியர் தம்பி பொறுமையாகத்தான் சொன்னார். போனுக்கும் டவருக்கும் நடுவே ஓடுகிற ரேடியோ அலை சுவர், மரம் குறுக்கே வந்தாலும் ஓரளவு தாங்குமாம். ஆனால் டவரில் முரசு மாதிரி மாட்டியிருக்கிறதே, அதுதான் ஊர்ப் பேச்சையெல்லாம் சேர்த்து மைக்ரோவேவில் கயத்தாறு டவருக்கு அனுப்புமாம். அந்த அலை பார்வை மாதிரி நேராகப் போகும், எதிரில் உள்ள முரசு இதற்குத் தெரிய வேண்டும், நடுவில் மேடும் பனைக்கூட்டமும் மறைக்கிறதே என்றார். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் ஊரில் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். பேச்சு பாதியில் அறுந்து போகும்.

போன வைகாசியில் என் வீட்டுக்காரி படுக்கையில் விழுந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். டிக்கெட் கிடைத்து வந்து சேர இரண்டு நாளாகும் என்றாள். அதுவரைக்கும் தாங்காது என்று இவளுக்கே தெரிந்திருந்தது. பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் வீடியோ கால் வந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு நெற்றி, பாதிக் கண், மிச்சமெல்லாம் கட்டம் கட்டமாக. அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, பிள்ளை ஏன் அசையாம இருக்கா?"

"இந்தா வந்துரும், பொறு."

வரவில்லை. வெட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். அப்பா என்று ஒரு சத்தம் கேட்டது, அதுவும் அறுந்தது. நாலாவது தடவை போனை நீட்டியபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டவரை உயர்த்த விடுங்கள் என்று கமிட்டியில் போய்க் கேட்டேன். பலசரக்குக் கடைக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, அன்னைக்குச் சாமி குத்தம்னு குதிச்சது நீங்கதான? இப்ப அம்மன் மனசு மாறிட்டாளாக்கும்?" நாலு பேர் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். அம்மன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் உயரம் கேட்கவில்லை, கேட்டது நான்.

மகள் சிங்கப்பூருக்குத் திரும்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா என்னயப் பாத்தாளா?"

"பாத்தா தாயி."

"என்ன சொன்னா?"

நீ மெலிஞ்சு போயிட்டேன்னு சொன்னா என்றேன். பிள்ளை அழுதுகொண்டே சிரித்தாள். சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன்.