போருக்குள் விழுந்த அருவி

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் போன கோடையில் தண்ணீருக்காகத் துளைத்த போர் பொய்த்துவிட்டது. துளை போடும் ரிக் வண்டி கடைசிவரை கல்தூள் புகையைத்தான் கக்கியது. துளைக்குள் மேலாக ஒரு பாறை இடுக்கில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. அது இருட்டுக்குள் நெடுந்தூரம் விழுந்து, அடியில் ஏதோ வெடிப்பில் காணாமல் போனது. மோட்டாருக்குச் சிக்காத தண்ணீர். ஆனால் குனிந்தால் கேட்கும், அருவி கொட்டுவது போலவே.

அடுத்த போருக்கு ஆகும் என்று மாமனார் குழிவாயில் இறக்கியிருந்த கேசிங் பைப்பை உருவி எடுத்துவிட்டார். தரையோடு தரையாக ஓர் ஓட்டை, அதன்மேல் ஒரு கோழித் தீவனச் சாக்கு. சாக்கு போட்டால் குழி மூடியதாகிவிடுமா? குழி இருப்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான். கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பயந்தால் எப்படி என்றார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தும்மலுக்கே மகளைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள் நான்.

வருகிற உறவினர்களை எல்லாம் மாமனார் அங்கே அழைத்துப்போய், சாக்கை விலக்கி, கேட்கச் சொல்வார். தண்ணீர் கிடைக்காத வருத்தத்தை அப்படித் தீர்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகளுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகளைக் காணோமே என்று தேடிப் போனேன். மூன்று வயதுப் பிள்ளை குப்புறப் படுத்துக் குழிக்குள் முகத்தை வைத்திருந்தாள். மாமனார் ஒரு கையால் அவள் கணுக்காலைப் பிடித்தபடி, மறுகையில் போனை வைத்து யாரிடமோ முட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்.

வாரி எடுத்தேன். அவள் வீறிட்டு அழுதாள்.

"நாந்தான் புடிச்சிருக்கறேன்ல அம்மணி. கொளந்த தண்ணி உழுகற சத்தங் கேட்டா என்ன ஆயிருமாக்கும்?"

"மூடுங்க மாமா."

"நாளைக்கு மூடிக்கலாம். போயி எலையப் போடு."

நான் போகவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குழியை ஒட்டி உட்கார்ந்தேன். மாமனார் சொல்லி நான் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. குழம்பு அடிப்பிடித்த வாசம் அங்கேவரை வந்தது. கணவர் வந்து, எல்லாரும் பார்க்கிறார்கள், எழுந்திரு என்றார்.

"இவ உள்ள உழுந்திருந்தாலும் எல்லாரும் வந்து பாத்துக்கிட்டுத்தானுங்க நின்னிருப்பாங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வெல்டரை அழைத்துவரப் போனார்.

காத்திருந்தபோது நானும் காதைக் கொடுத்தேன். அதுவரை ஒருதடவைகூடக் கேட்டதில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது. கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவு அழகாகக் கேட்டால் எந்தப் பிள்ளைதான் குனியாது?

வெல்டர் ஒரு குழாய்த் துண்டை இறக்கி, இரும்புத் தகட்டை அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "சத்தங் கேக்கறாப்புல நடுவுல சின்னதா ஒரு ஓட்ட உட்டுரட்டுங்களா? வெரலுகூடப் போகாதுங்க."

மாமனார் என் முகத்தையே பார்த்தார். எதற்கும் அவர் என்னிடம் உத்தரவு கேட்டு நின்றதில்லை.

"வேண்டாங்க," என்றேன்.

விரல் நுழையாத ஓட்டையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.