முடக்கு வீட்டுத் தண்ணீர்

எங்கள் தெருவுக்குத் தார்க் காப்பெற் போட்டபோது எல்லோருக்கும் சந்தோசம். எனக்கும்தான். வீதி உயர்ந்துவிட்டது, என் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

வீடு, வீதி வளைகிற முடக்கின் உள்பக்கம். வேகமாக வரும் மோட்டார் சைக்கிள்கள் சறுக்கக்கூடாது என்று முடக்கில் வீதியை ஒரு பக்கமாகச் சரித்திருந்தார்கள். சரிவு என் வாசல் படலையை நோக்கி. எதிர்க் கரையில் யாருடைய சைக்கிளிலிருந்து தேங்காய் விழுந்தாலும் அது என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிடும். தேங்காயைத் திருப்பிக் கொடுக்கலாம். கார்த்திகை மழையை யாரிடம் கொடுப்பது? முன்னறையில்தான் என் தையல் மெசினும் ஊர்ப் பெண்கள் தந்த துணிகளும் இருந்தன. அந்த அறைக்குள் தண்ணீர் வந்தால் என் பிழைப்பு போய்விடும்.

நான் ஆட்களோடு அதிகம் கதைக்கிறவள் அல்ல. சட்டைக்கு அளவெடுக்கும்போதுகூட நாடாவைப் பார்த்துத்தான் கதைப்பேன். என்றாலும் மனதுக்குள் பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, வீதி வேலையைப் பார்த்த உத்தியோகத்தரிடம் போனேன். இளம் பொடியன். மரியாதையாக வந்து, பலகையும் நீர்மட்டக் கருவியும் வைத்து அளந்தார். அளந்தது முடக்குக்குச் சற்றுத் தள்ளி, வீதி நேராகப் போகும் இடத்தில். அங்கேதான் வேப்பமர நிழல் இருந்தது. பிறகு கைபேசியில் கணக்குப் பார்த்தார்.

"நடுவிலைதான் உசரம் அக்கா. பாதித் தண்ணி அங்காலை, பாதி இங்காலை. உங்களுக்கு ஒண்டும் வராது."

"முடக்கிலை..." என்றேன்.

"அதையும் சேத்துத்தான் அக்கா சராசரி."

ஆவணியில் கோயில் திருவிழா. சுவாமி எங்கள் தெருவால் வருவார். வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் சுடக்கூடாது என்று மருதனார்மடப் பக்கமிருந்து பவுசர் வண்டி பிடித்து வீதி முழுக்கத் தண்ணீர் அடித்தார்கள். முடக்கில் அடித்ததெல்லாம் நேரே என் படலைக்கு வந்தது. நிறைகுடம் வைத்த மேசை தண்ணீருக்குள் நின்றது. மற்ற இடங்கள் சிறிது நேரத்தில் காய்ந்து கொதிக்கத் தொடங்க, சனமெல்லாம் என் வாசலுக்கு ஒதுங்கியது.

"அக்கான்ரை வாசல்தான் சொர்க்கம்!" என்றாள் ஒருத்தி.

உத்தியோகத்தரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் துள்ளித் துள்ளி வந்து, தண்ணீருக்குள் நின்று சுகமாகக் கண்ணை மூடினார்.

"தம்பி, மற்றப் பாதித் தண்ணி எங்கை?"

கேட்டது என் குரல்தான் என்று நம்ப எனக்கே நேரம் எடுத்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "இது பவுசர் தண்ணி அக்கா. என்ரை கணக்கு மழைத்தண்ணிக்கு."

"அப்ப மழைத்தண்ணி படிச்ச தண்ணியோ?" என்றார் பக்கத்தில் நின்ற தவில்காரர்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் உத்தியோகத்தர் என் மதிலோரம் வாய்க்கால் வெட்டுவித்தார். அது எங்கே போய் முடியும் என்று நான் கேட்கவில்லை. வருசத்துக்கு ஒரு கேள்விதான் என்னால் முடியும்.

கார்த்திகையில் அடைமழை. முன்னறையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாய்க்கால் தண்ணீர் முழுவதும் கோயில் வாசலில் போய் நின்றது. கோயில் தலைவர் குடையோடு வந்தார்.

"பிள்ளை, உந்த வாய்க்காலைக் கேட்டது ஆர்?"

"நான்தான் ஐயா," என்றேன், அவருடைய குடையைப் பார்த்து.

அடுத்த நாளே கோயில் வாசலில் நாலு உத்தியோகத்தர்கள் நின்றார்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அளந்தார்கள்.