எட்டாம் நாள் உறிஞ்சிய ஒரு வாய்

தேயிலைத் தொழிற்சாலையில் என் அத்தானுக்கு வைத்த பெயர் 'நாக்கு'. மூட்டை தூக்க வந்தவர். இருபத்தாறு வருடமாக ருசி பார்ப்பவர். நீள மேசையில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சுவார். தேநீர் அடிநாக்குவரை போய்த் தெறிக்க வேண்டும். பிறகு தொட்டியில் துப்பிவிட்டு மார்க் எழுதுவார். விருந்துக்குப் போன வீட்டிலும் அப்படித்தான் உறிஞ்சுவார். என் அக்காவுக்கு மானம் போகும்.

நான் அங்கே இயந்திரம் பழுது பார்க்கிறவன். எனக்கு எல்லாத் தேநீரும் கலர் வெந்நீர்தான்.

போன வருடம் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிறது என்றார். சோறு இறங்கவில்லை. தூங்கினால் மூச்சு நின்று நின்று வந்தது. அக்கா பயந்துபோய் உலுக்கி எழுப்புவாள். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, அடிநாக்கில் இருக்கும் டான்சில் வீங்கியிருக்கிறது என்றார். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டும் அது சுருங்கவில்லை.

"எடுத்துத்தான் ஆகணுமா டாக்டர்?" என்றார் அத்தான்.

"இப்படியே விட முடியாது. மின்சாரத்தால சுட்டு எடுக்கலாம், லேசர்ல எடுக்கலாம், குறைஞ்ச சூட்டுல கரைச்சும் எடுக்கலாம். உங்களுக்குக் கடைசியா சொன்னதுதான் நல்லது. சுத்தி இருக்கிற இடம் அவ்வளவா வேகாது."

"ஆபத்தே இல்லையா?"

"இல்லைன்னு சொன்னா பொய். வீங்கி மூச்சு அடைக்கலாம், ரத்தம் வரலாம். ரெண்டு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும்."

"ருசி?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சில நாள் மாறலாம். பெரும்பாலும் திரும்பிடும்."

அந்தப் 'பெரும்பாலும்' அத்தானுக்குத் தொண்டையில் இன்னொரு உருண்டையாக நின்றது. "உயிர் இருந்தாத்தானே ருசி? பேசாம ஒத்துக்குங்க அத்தான்" என்று அடித்துச் சொன்னவன் நான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சூடு கூடாது, காரம் கூடாது, கெட்டியாக எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர் வரி பிசகாமல் கேட்டார். ஆனால் நாக்கு இருக்கிறதா போய்விட்டதா என்கிற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் காலை அக்காவைத் தேநீர் போடச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆறவைத்தார். விரலை விட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. டாக்டர் சொன்னதில் எதையும் மீறவில்லை. கரண்டியில் அள்ளி, இருபத்தாறு வருடப் பழக்கத்தில், முழு மூச்சோடு உறிஞ்சினார்.

ஆறிக்கொண்டிருந்த புண்ணின் பொருக்கு பெயர்ந்துவிட்டது. வாய் நிறைய ரத்தம். துண்டை வைத்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"உயிரைக் காப்பாத்த வேற வழியில்ல, அகலமா சுட்டுத்தான் நிறுத்தினோம்" என்றார் டாக்டர். பிறகு, "உறிஞ்சினாரா? தேநீரை யாராவது அப்படிக் குடிப்பாங்களா?" என்றார்.

குடிப்பார்கள் ஐயா. அதுதான் அவர் வேலை. நீங்கள் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். ருசி பார்க்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆறு கிண்ணங்கள். ஒவ்வொன்றாக உறிஞ்சினார், துப்பினார், மறுபடி உறிஞ்சினார். வியர்த்துவிட்டது.

"வாசனை தெரியுது மாப்ளே. கசப்பு வரல. நீ குடி."

நான் குடித்தேன். நான்காவது கிண்ணத்தில் கசப்பு தாங்காமல் என் முகம் கோணிவிட்டது. கலர் வெந்நீர்க்காரன் எனக்கே தெரிந்தது. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதுக்கு எதிரே ஒரு மார்க் எழுதினார். உடனே அதை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"சரியாத்தான எழுதினீங்க அத்தான்?"

"சரிதான்" என்றார். "நான் எழுதல."

வேலையை விடுகிற கடிதத்தை அன்று மதியமே கொடுத்துவிட்டார்.