வெள்ளைச் சேலையும் சிவப்புக் காரும்

கார் பாலீஷ் போடுகிற தொழிலில் கார் ஒன்றுதான் வாயைத் திறக்காது. மற்ற எல்லோரும் யோசனை சொல்வார்கள். கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான். இனிச் சொல்லப்போவது எழுத்துக்கு எழுத்து நிஜம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். ஒரு சொல் பொய்யென்றாலும் நான் துடைக்கிற துணியில் மணல் ஏறட்டும். சொந்தக் காரைத் தேய்த்துக் கோடு போட்டுவிட்டு வீட்டில் பூனை மேல் பழி போட்ட அன்பர்களுக்கு அந்தச் சாபத்தின் கனம் தெரியும்.

ஒட்டிய சாயம்

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே என் கொட்டகை. பனமரத்துப்பட்டியிலிருந்து செங்கோடன் என்ற விவசாயி ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு என்பது நான் மரியாதைக்குச் சொல்வது. வெயிலில் வெந்து, செங்கல் பொடி அப்பினதுபோல் இருந்தது. கதவில் கை வைத்தேன், உள்ளங்கை சிவந்தது. பழைய பெயிண்டின் மேல்தோல் செத்துவிட்டால் இப்படித்தான் மாவாக உதிரும். எங்கள் தெரு வெள்ளை நாய் அதில் ஒருமுறை முதுகைச் சொறிந்துகொண்டு போனது. செவலை நாயாகத் திரும்பியதைப் பார்த்து அதன் குட்டிகளே குரைத்தன.

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தங்கை சரசுவை நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரிய குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுப் புதுமனை விழாவன்று, சரசுவின் மாமியார் இந்தக் காரை ஒட்டி நடந்திருக்கிறார். கணவர் போன நாளிலிருந்து வெள்ளைச் சேலை கட்டுகிற அம்மா. இடுப்போரம் பலகை அகலத்துக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டது, அதுவும் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கையில். அம்மா காரைக் கோழி எரு மேட்டுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார், அவ்வளவுதான். அதிலிருந்து அண்ணன் எப்போது போனாலும் காருக்கு அந்த இடம்தான். சரசு மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கே வந்து வழியனுப்புவாளாம்.

இப்போது சரசுவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? செங்கோடன் காரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மடி வேணும், மாமன் வண்டி வேண்டாம்னா எப்படிங்க? எந்தங்கச்சி அந்த ஊட்டுல தலை நிமுந்து நடக்கோணுமுங்க."

அடைகாத்த பானெட்

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் பல வைத்தியம் பார்த்திருந்தார். சங்ககிரியில் ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் ஒரு கைமருந்து உண்டு. ஒருவர் பல் விளக்குகிற பேஸ்ட் என்றார். தேய்த்ததில் கார் புதினா மணந்தது, நிறம் வரவில்லை. இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். ஒரு நாள் பளபளத்தது, மறுநாள் ஊர்ப் புழுதி முழுக்க அதில் குடியேறியது.

கடைசியில் யாரோ முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசச் சொன்னார்கள். தங்கை வீட்டு முட்டைக்கு என்ன பஞ்சம்? பானெட் முழுக்கப் பூசி ஊரைச் சுற்றி ஓட்டி வந்து நிறுத்தினார். அடியில் எஞ்சின் சூடு, மேலே முட்டை வாசம். பக்கத்து வீட்டுக் கோழி ஏறி உட்கார்ந்தது. விரட்டினால் கொத்தியது. அடைகாக்கிறது ஐயா, அடைகாக்கிறது! அதோடுதான் என் கொட்டகைக்கு வந்தார். கோழி என்னை முறைத்தது. முட்டை பெயிண்டை அரிக்கும், உடனே கழுவ வேண்டும் என்று நான் தண்ணீர்க் குழாயை எடுத்தேன். செங்கோடன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நம்பி உக்காந்துருக்குது. எறக்கி உட்டாப் பாவமில்லீங்களா?"

பூ கேட்டது

கோழியைச் சமாதானப்படுத்தி இறக்கிக் காரைக் கழுவிய பிறகு, எந்த முறையில் தேய்ப்பது என்ற கேள்வி வந்தது. வழி இரண்டு. காம்பவுண்ட் என்கிற சொரசொரப்பான பசையைத் தடவி மெஷினால் தேய்ப்பது ஒன்று. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பழைய பெயிண்ட் மெலிசு, ஓரங்களில் தோல் உரிந்து அடிப்பூச்சு பல்லைக் காட்டும். காரை நிழலில் நிறுத்தி மென்மையான பாலீஷைக் கையாலேயே தேய்த்து, மேலே மெழுகு பூசி அடைப்பது மற்றது. டிக்கியின் மூலையில் ஒரு துணி அகலத்துக்குத் தேய்த்துக் காட்டினேன். துணி சிவந்தது, அடியிலிருந்து கோவைப்பழம் மாதிரி நிறம் எட்டிப் பார்த்தது. கைவேலைதான் சரி என்றேன்.

செங்கோடனுக்கு மனசு கேட்கவில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாம் மெஷின், மெஷின் என்றார்கள். நம் பக்கத்தில் கல்யாணம் பேசவும் கிணறு வெட்டவும் சாமியிடம் பூ கேட்போம் இல்லையா? அவர் பாலீஷுக்கே பூ கேட்டுவிட்டார். மாரியம்மன் கோயிலில் சிவப்புப் பூ வந்தால் மெஷின், வெள்ளைப் பூ வந்தால் கை என்று பொட்டலம் கட்டி வைத்து, பூக்கார அம்மாளை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. இதைத்தானே சாமி நானும் முதலிலேயே சொன்னேன் என்று கேட்டேன். அவர் விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"நீங்க சொன்னீங்க, இல்லீங்கல. ஆனா நீங்க சாமி இல்லீங்களே."

கிடாய் துளுக்கியது

துணியை மடித்து மடித்துத் தேய்த்து, அழுக்குப் பக்கம் மறுபடி படாமல் பார்த்து, இரண்டு பூச்சு மெழுகு போட்டேன். தண்ணீர் ஊற்றினால் சேம்பு இலையில் ஓடுவதுபோல் உருண்டு ஓடியது. அந்தக் கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்தவர்கள் உண்டு. பக்கத்துச் சலூன்காரர் அதனால்தான் என்னோடு பேசுவதில்லை.

காதுகுத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். குலதெய்வக் கோயிலில் பந்தல். பந்தல் ஓரமாகக் கார் நின்றது. மாமியார் அம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் போனார். அந்தக் குடும்பத்தில் கிடாய் துளுக்கிய பிறகுதான் காது குத்துவார்கள். ஆட்டின் மேல் பூசாரி தீர்த்தம் தெளிப்பார். அது துளுக்கினால், அதாவது உடம்பைச் சிலிர்த்து உதறினால், சாமி சம்மதித்ததாக அர்த்தம். அன்றைக்கு நின்றது மேச்சேரிக் கிடாய், கொம்பில்லாத மொட்டைத் தலை. பூசாரி சொம்பு சொம்பாக ஊற்றினார். அது குளிக்க வந்ததுபோல் சுகமாக நின்றது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஏதோ குறை இருக்கிறது என்றார் ஒருவர். அந்தச் சிவப்பு வண்டி மறுபடி வந்திருக்கிறதே என்றார் இன்னொருவர். வண்டியை அப்பால் எடுக்கும்படி அம்மா கையைக் காட்டினார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த சரசு தரையைப் பார்த்தாள். செங்கோடன் ஏறிக் காரைத் திருப்பினார். திரும்புகையில் கதவு கிடாய்க்கு நேராக வந்தது.

கிடாய் கதவுக்குள் இன்னொரு கிடாயைப் பார்த்தது. நனைந்த கிடாய், அதுவும் முறைக்கிறது. அவன் முந்திக்கொள்வானோ என்று நினைத்ததோ என்னமோ, மூக்கிலிருந்து வால்வரை ஒரு துளுக்குத் துளுக்கியது பாருங்கள், கடைசி வரிசைக்காரர் குடை தேடினார்! பெண்கள் குலவையிட்டார்கள். அதே வேகத்தில் கதவில் ஒரு முட்டு. சோற்றுக் குண்டான் அளவுக்குக் குழி.

எல்லாரும் கதவைப் பார்க்க, அம்மா எழுந்து நேரே காரிடம் வந்தார். குழியைக் கண்டுகொள்ளவில்லை. முந்தானையைச் சுருட்டிக் கதவில் அழுத்தித் தேய்த்தார். நான்கூட அவ்வளவு அழுத்தித் தேய்க்கவில்லை. சரசு கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா முந்தானையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை. பொட்டுச் சிவப்பு இல்லை. பிறகு செங்கோடனைப் பார்த்துச் சொன்னார்:

"வண்டி பந்தலுக்குள்ளயே நிக்கட்டும் சாமி. வா, வந்து மடியக் குடு."

குழி

பிறகொரு நாள் செங்கோடன் மெழுகு பூச வந்தார். குழியைத் தட்டி எடுத்துத் தருகிறேன் என்றேன், கையைத் தட்டிவிட்டார். இப்போதெல்லாம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கிடாய் வெட்டுக்கு முன்னால் காரைக் கொண்டுவந்து, அந்தத் துளுக்குப் பாலீஷைப் போடுங்கள் என்கிறார்கள். சாதாரண மெழுகுதான் என்றால் யார் நம்புகிறார்கள்? தீர்த்தச் சொம்பை ஓரமாக வைத்துவிட்டுக் கிடாய் முன்னால் காரை நிறுத்துகிறார்களாம். செங்கோடன் குழியைச் சுற்றித் தானே துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது இருக்கட்டுமுங்க. தங்கச்சி ஊட்டு வாசல்ல இந்தப் பக்கம் தெரியற மாதிரிதான் நிறுத்தறேன்."

ஆகவே அன்பர்களே, பாலீஷ் டப்பா வாங்கும் முன்பு காரில் யார் சேலை உரசப்போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் என்னை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் வேலை போன அந்தப் பூசாரி சொம்பும் கையுமாக என்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.