மாலதி அக்கா கேட்ட செபம்

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதி. ஒருநாள் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்க மறந்துவிட்டேன். பின்னேரம் அவர் மயங்கி விழுந்து, ஒருவாறு பிழைத்துக்கொண்டார். விசாரித்தபோது, எனக்கு அடுத்து வேலைக்கு வந்த மாலதி அக்காவிடம் அந்த மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று பொய் சொன்னேன். தனக்கு நினைவில்லை என்றார் அக்கா. பழி அவர்மேல் விழுந்தது.

அந்த ஞாயிறு ஆலயத்தில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டேன். மனம் லேசானது. அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, உடுப்பு மாற்றும் அறையில் அக்கா என்னிடம் வந்தார்.

"நான் சைவசமயம் எண்டாலும் உம்மட்டைக் கேக்கிறன். எனக்காக ஒருக்காச் செபம் பண்ணும். நீர் சொன்னதை எப்பிடி மறந்தனான் எண்டு தெரியேல்லை. இப்ப ஒவ்வொரு மருந்தையும் மூண்டு தரம் சரிபாத்துத்தான் குடுக்கிறன்."

"அக்கா, நான் உங்களுக்குச் சொல்லேல்லை. அது பொய்."

"அப்ப நான் ஒண்டும் மறக்கேல்லை," என்றார் அக்கா.

மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்கா இன்றுவரை என்னோடு வேலை விஷயம் மட்டுமே கதைக்கிறார்.

பாவத்தை ஆண்டவரிடம் சொல்வது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்தது. அவரைப் பின்பற்றத் தொடங்கியது, அதை அக்காவிடம் சொன்ன அன்றுதான் என்று நினைக்கிறேன்.