அச்சாபீசுக்கு வராத நாட்கள்

அச்சாபீசில் எழுத்து குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆள் குறைந்தால் மானேஜர்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். முப்பதுகளில், மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்த அச்சாபீசில் நான் அப்படிப் பல நாள் நின்றிருக்கிறேன். வராத நாளைச் சிவப்பு மையில் குறிக்கும் ஆஜர் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒன்று விட்டு ஒரு நாள்

மிஷின் ஓட்டிய காதர் பாய் திங்களன்று வருவார், செவ்வாயன்று வர மாட்டார். புதனன்று வருவார், வியாழனன்று வர மாட்டார். இன்னொரு அச்சாபீசிலும் வேலை பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று கம்பளிக்கு அடியில் மனுஷர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "முறைக்காய்ச்சல்ங்க, மழைக்காலத்துலேருந்து விடல" என்றார். வெட்கத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் பாய் எதுவுமே நடக்காதது போல மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கொயினா மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். காது அடைக்கிற அளவுக்குச் சாப்பிட்டாயிற்று என்றார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார்: "இன்னிக்கு அதுக்கு லீவு, எனக்கு வேலை. நாளைக்கு அதுக்கு வேலை, எனக்கு லீவு. அதைப் பார்த்து நீங்க ஆர்டர் வாங்குங்க சார்."

பையில் இருந்த கடிதம்

அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் ராகவாச்சாரிக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு. பனி விழத் தொடங்கினால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். தை முகூர்த்தப் பத்திரிகைகள் வந்து குவிவதும் அதே மார்கழியில்தான். மூன்றாவது வருஷமும் அவர் படுத்ததும், வேலையிலிருந்து நிறுத்துவதாக முதலாளி கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன்.

படுக்க முடியாமல், தலையணைகளை மடியில் அடுக்கி அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் வாசல் வரை கேட்டது. கடிதத்தை எப்படி நீட்டுவது என்று தெரியாமல், நானே அச்சுக் கோத்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபை நீட்டினேன். பார்த்த மாத்திரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு... சௌபாக்கியவதின்னு... போட்டிருக்கேளே!"

தவறாத ஆள்

கடிதத்தைக் கொடுக்கவில்லை. பனிக்காலத்தில் ப்ரூஃப் அவர் வீட்டுக்கே போகட்டும் என்று முதலாளியிடம் வாதாடிச் சம்மதிக்க வைத்தேன். ஆனாலும் முதலாளிக்குத் திருப்தியில்லை. "மூணு வருஷமா ஒரு நாள் தவறாத சின்னையாவைப் பாரும்" என்றார். சின்னையா எங்கள் பைண்டர், மணப்பாறைக்காரர். இருமிக்கொண்டே மடிப்பார், இருமிக்கொண்டே தைப்பார். கேட்டால் பசை காய்ச்சும் புகை என்பார், நாங்களும் நம்பினோம். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் காலை, மடித்த தாள்கள் மேல் ரத்தமாக இருமினார். க்ஷயம், முற்றிவிட்டது என்றார் டாக்டர். ஊருக்கு ரயில் ஏற்றிவிடப் போனபோது, ஏனப்பா முன்னாலேயே சொல்லவில்லை, நாலு நாள் படுத்திருக்கலாமே என்று கேட்டேன். ஜன்னல் வழியாகச் சொன்னார்: "படுத்தா உங்க புத்தகத்துல சிவப்பு மையில எழுதுவீங்களேன்னுதாங்க வந்தேன்."

சித்திரை பிறப்பதற்குள் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்து, புத்தகத்தில் அவர் பெயரையே அடித்துவிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான், வராத ஆளைவிடத் தவறாமல் வருகிற ஆளைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன்.